சுற்றுலா விசாவில் நீண்ட காலப் பயணம்: நாள் கணக்கு தவறாமல் திட்டமிட முழுமையான வழிகாட்டி

சுற்றுலா விசாக்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வருடம் முழுக்க வெளிநாடுகளில் சுற்ற முடியும். அந்த வருடத்தை ஒரே நாட்டில் கழிக்க விடும் நாடுகள்தான் மிகக் குறைவு. 30 நாள், 60 நாள், 90 நாள், அதிகம் போனால் 6 மாதம் என்று பெரும்பாலான நாடுகள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கின்றன. அந்தக் கோடுகளை ஒன்றோடொன்று பொருத்துவதுதான் நீண்ட பயணத்தின் திட்டமிடல். இதில் மாட்டிக்கொள்பவர்கள் பலர் சட்டத்தை மீற நினைத்தவர்களே இல்லை. எண்ணும்போது ஒரு நாள் பிசகிவிட்டவர்கள். அதனால் இந்த வழிகாட்டியில் அதிக இடம் எண்ணிக்கைக்குத்தான்.

எந்த நாட்டுக்கு விசா வேண்டும், எத்தனை நாள் கிடைக்கும் என்பது உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்து மாறும். கட்டணமும் விதியும் முன்னறிவிப்பின்றி மாறுவது வழக்கம். டிக்கெட் போடும் முன் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விசாவில் முதலில் பார்க்க வேண்டிய மூன்று எண்கள்

விசா கைக்கு வந்ததும் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் சரிபார்த்துவிட்டு மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: செல்லுபடிக் காலம், தங்கும் நாட்கள், நுழைவு எண்ணிக்கை. இவை மூன்றும் தனித்தனி. ஒன்று மிச்சம் இருந்தாலும் இன்னொன்று தீர்ந்துவிட்டால் விசா முடிந்தது.

ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விசா ஸ்டிக்கரை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 முதல் மே 15 வரை என்று தேதி, 30 நாட்கள் என்று தங்கும் அளவு, நுழைவு 1 என்று இருக்கிறது. 45 நாள் இடைவெளி தெரிந்தாலும் உங்களுக்குச் சொந்தமானது 30 நாள்தான். மீதி 15 நாள், பயணத் தேதி முன்பின்னாக நகர்ந்தால் சமாளிக்க விட்ட இடைவெளி. நுழைவு 1 என்பதால், பத்தாம் நாள் பக்கத்தில், ஷெங்கனுக்கு வெளியே இருக்கும் செர்பியாவுக்குப் போய்விட்டுத் திரும்பினால் எல்லையில் கதவு மூடியிருக்கும். 20 நாள் மிச்சம் இருப்பது உதவாது. இடையில் வெளியே போய்வரும் திட்டம் இருந்தால் பல நுழைவு விசா கேட்டு, அந்தத் திட்டத்தையும் விண்ணப்பத்தோடு காட்டுங்கள்.

செல்லுபடிக் காலம் என்ற சொல்லுக்கே நாட்டுக்கு நாடு பொருள் வேறு. ஷெங்கன் விசாவின் கடைசித் தேதிக்குள் நீங்கள் வெளியேறியிருக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசாவில் கடைசித் தேதிக்குள் எல்லையில் போய் நின்றால் போதும். அதன்பின் எத்தனை நாள் என்பதை அங்கிருக்கும் அதிகாரி முடிவு செய்து ஐ-94 என்ற வருகைப் பதிவில் ஒரு தேதி போடுவார். பொதுவாக 6 மாதம் கிடைக்கும். 10 வருட விசா இருக்கிறதே என்று ஐ-94 தேதியைப் பார்க்காமல் விடுவது மிகவும் விலையுயர்ந்த தவறு. வியட்நாமின் இ-விசா இன்னொரு மாதிரி: 90 நாள் என்று வாங்கினாலும், விண்ணப்பத்தில் நீங்கள் கொடுத்த தொடக்கத் தேதியிலிருந்தே நாள் ஓடத் தொடங்கிவிடும். பத்து நாள் தாமதமாக இறங்கினால் 80 நாள்தான். இ-விசாக்களில் எந்த விமான நிலையம், எந்தத் தரைவழி எல்லை என்ற பட்டியலும் உண்டு. பட்டியலில் இல்லாத எல்லைச் சாவடிக்கு பஸ்ஸில் போய் இறங்கினால் திரும்ப வேண்டியதுதான்.

நாடுகள் நாளை எண்ணும் விதங்கள்

எளிமையானது, நுழைவுக்கு நுழைவு எண்ணுவது. உள்ளே வந்த நாள் பெரும்பாலும் முதல் நாள். ஏப்ரல் 5 அன்று 30 நாள் அனுமதியுடன் இந்தோனேசியாவில் இறங்கினால் கடைசி நாள் மே 4. மே 5 என்று நினைத்தால் ஒரு நாள் அபராதம். ‘மூன்று மாதம்’ என்பதும் ‘90 நாள்’ என்பதும் ஒன்றில்லை என்பதையும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை 92 நாட்கள்.

இரண்டாவது, நாட்காட்டி வருடத்தை வைத்து எண்ணுவது. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் ஜனவரி முதல் டிசம்பர் வரை மொத்தம் 150 நாள் தங்கலாம். ஜனவரி 1 அன்று கணக்கு புதிதாகத் தொடங்கும். இலையுதிர் கால மலையேற்றத்தையும் வசந்த கால மலையேற்றத்தையும் சேர்க்க நினைப்பவர்கள் வருட முடிவைக் கடந்து திட்டமிட்டால் நாட்கள் தாராளமாகக் கிடைக்கும்.

மூன்றாவது, நகரும் சாளரம். ஷெங்கனின் 90/180 விதி இந்த வகைதான். துருக்கியும் இதையே பின்பற்றுகிறது. இதற்குத் தனிப் பகுதி வேண்டும்; கீழே வருகிறது.

நான்காவது, பல நாடுகள் சேர்ந்து ஒரே கணக்கு வைத்திருப்பது. ஷெங்கனில் 29 நாடுகள். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகரகுவா நான்கும் சேர்ந்து 90 நாள். குவாத்தமாலாவில் 60 நாள் இருந்துவிட்டு ஹோண்டுராஸ் போனால் புதிய 90 கிடையாது, மிச்ச 30தான். இதைத் தெரியாமல் நான்கு நாடுகளுக்கும் ஒரு வருடம் ஒதுக்கித் திட்டம் போட்டவர்கள் உண்டு. அமெரிக்காவுக்கு விசா விலக்குத் திட்டத்தில் 90 நாளுக்கு வருபவர்கள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்த் திரும்பினாலும் பொதுவாகப் பழைய 90 நாள்தான் தொடர்ந்து ஓடும்.

90/180: கணக்கு போடும் முறை

விதி இவ்வளவுதான்: எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாட்களில் ஷெங்கனுக்குள் இருந்த நாட்கள் 90ஐத் தாண்டக் கூடாது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் முழு நாட்களாகவே எண்ணப்படும். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அது ஒரு நாள்.

இதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு பூஜ்யமாவது என்ற ஒன்று கிடையாது. அப்படி நினைப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்கு வேர். சாளரம் தினமும் ஒரு நாள் முன்னால் நகர்கிறது. பின்பக்கத்தில் ஒரு பழைய நாள் உதிர்கிறது. அந்த உதிர்ந்த நாள் ஷெங்கனில் கழித்த நாளாக இருந்தால் மட்டுமே உங்களுக்கு ஒரு நாள் திரும்பக் கிடைக்கும்.

நேரான உதாரணம் முதலில். மார்ச் 1 அன்று நுழைந்து மே 29 அன்று வெளியேறினால் சரியாக 90 நாள். மே 30 முதல் ஆகஸ்ட் 27 வரை 90 நாள் வெளியே இருக்க வேண்டும். ஆகஸ்ட் 28 அன்று நுழைந்தால் மறுபடி முழு 90 நாள் இருக்கலாம். 90 உள்ளே, 90 வெளியே என்பதுதான் நினைவில் வைக்க எளிதான அமைப்பு. எங்கள் பரிந்துரையும் இதுவே.

இப்போது நாட்களை உடைத்து எடுத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2026 ஜனவரி 10 முதல் மார்ச் 10 வரை இருந்தால் 22 + 28 + 10 = 60 நாள். மே 1 அன்று மறுபடி நுழைகிறீர்கள். பின்னோக்கி 180 நாள் எண்ணினால் முந்தைய நவம்பர் 3 வரை போகும். 60 நாளும் சாளரத்துக்குள்ளேயே இருக்கின்றன. மிச்சம் 30. ஆகவே மே 30 கடைசி நாள். ஜனவரி 10 சாளரத்தை விட்டு உதிர்வது ஜூலை 9 அன்று. அன்று முதல் தினம் ஒரு நாளாக 60 நாள் திரும்பக் கிடைக்கும். ஜூலை 9 அன்று நுழைந்தால் செப்டம்பர் 6 வரை இருக்கலாம். செப்டம்பர் 7 அன்றும் இருந்தால் 91. ஜூலை 1 அன்று நுழைந்திருந்தால் முதல் நாளே விதிமீறல். நடுவில் ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டோமே என்ற நியாயம் எல்லையில் எடுபடாது.

கையால் எண்ணிய பிறகு ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இருக்கும் அதிகாரப்பூர்வக் குறுகிய காலத் தங்கல் கணிப்பானில் அதே தேதிகளைப் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் டிக்கெட்.

எது கணக்கில் சேராது? விமான நிலையத்தின் சர்வதேசப் பகுதியிலேயே இருந்து மாறிப் போனால் சேராது. குடிவரவைத் தாண்டினால் சேரும். ஷெங்கன் நாடு ஒன்றின் நீண்ட கால விசாவிலோ வசிப்பு அனுமதியிலோ கழித்த நாட்கள் சேராது. அயர்லாந்தும் சைப்ரஸும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை. அங்கே கழிக்கும் நாட்களுக்குத் தனிக் கணக்கு. மறுபக்கம் நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிக் கெடுவது இங்கேதான் அதிகம். ‘ஷெங்கனுக்கு வெளியே 90 நாள் கழிக்க குரோஷியா, ருமேனியா, பல்கேரியா’ என்று எழுதியிருக்கும். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக உள்ளே. இப்போது வெளியே இருப்பவை அல்பேனியா, செர்பியா, மாண்டினீக்ரோ, போஸ்னியா, வடக்கு மாசிடோனியா, துருக்கி, ஜார்ஜியா, பிரிட்டன் போன்றவை. பால்கன் நாடுகளில் பல, செல்லுபடியாகும் பல நுழைவு ஷெங்கன் விசா வைத்திருப்பவரைத் தனி விசா இல்லாமல் குறைந்த நாட்களுக்கு அனுமதிக்கின்றன. அங்கே இருக்கும் நாட்கள் முழுக்க அந்த ஷெங்கன் விசா உயிரோடு இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

முத்திரையைக் கூட்டிக் கழித்துச் சரிபார்த்த காலமும் முடிந்துவிட்டது. ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை முகப்படத்தையும் விரல்ரேகையையும் எடுத்து, ஒவ்வொரு நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் எழுதுகிறது. எண்ணுவது இயந்திரம். 91ஆம் நாளைக் கவனிக்காமல் விடும் அதிகாரி என்று யாரையும் எதிர்பார்க்க முடியாது.

நாள் கணக்கேடு

ஒரு விரிதாள் போதும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வரி. நுழைந்த தேதி, நுழைந்த இடம், அனுமதித்த நாட்கள், சட்டப்படி கடைசி நாள், நான் கிளம்பும் நாள், வெளியேறிய தேதி என்று பத்திகள். சட்டப்படி கடைசி நாளும் நீங்கள் கிளம்பும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. 90 நாள் அனுமதிக்கு 5 முதல் 7 நாள், 30 நாள் அனுமதிக்கு 3 நாள் இடைவெளி விடுங்கள். விமானம் ரத்தாவதும், படகு புயலில் நிற்பதும், காய்ச்சல் வருவதும் கடைசி நாளைப் பார்த்து வராமல் இருப்பதில்லை. கடைசி நாள் 4ஆம் தேதி என்றால் 5ஆம் தேதி அதிகாலை 12.40 விமானத்தை எடுக்காதீர்கள். டிக்கெட்டில் பக்கத்து நாள் போலத் தெரியும், சட்டத்துக்கு அது ஒரு நாள் கூடுதல்.

ஒவ்வொரு முத்திரையையும் அன்றே படம் எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸ், பஸ் டிக்கெட், விடுதி ரசீது எதையும் பயணம் முடிந்து ஒரு வருடமாவது எறிய வேண்டாம். வெளியேறும் முத்திரை விட்டுப்போயிருந்தால், நீங்கள் வெளியேறவே இல்லை என்றுதான் அடுத்த அதிகாரி எடுத்துக்கொள்வார். வெளியேறிவிட்டேன் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. அதற்கு இந்தக் காகிதங்கள்தான் சான்று.

பாதையை எந்த வரிசையில் போடுவது

கடினமான விசாக்களை ஊரிலிருந்தே எடுத்துவிடுங்கள். பல தூதரகங்கள் அந்த நாட்டில் சட்டப்படி வசிப்பவர்களின் விண்ணப்பத்தை மட்டுமே வாங்கும். ஷெங்கனின் பொது விதியும் அதுதான். வழிப்போக்கராகப் போய் விண்ணப்பிக்க வேண்டுமானால் ஏன் சொந்த நாட்டில் செய்யவில்லை என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் காட்ட வேண்டும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம், கடைசியாக 15 நாள் முன்பு. முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், 45 நாள் வரை இழுக்கலாம். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில்தான் கொடுக்க வேண்டும். சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாடு.

இந்த 6 மாத எல்லை ஒரு சிக்கலை உண்டாக்கும். பத்தாவது மாதம் ஐரோப்பா என்று திட்டமிட்டால் ஊரில் இருக்கும்போதே விண்ணப்பிக்க முடியாது. ஆகவே தூதரகம் போய் எடுக்க வேண்டிய விசா உள்ள பகுதிகளைப் பயணத்தின் முதல் பாதியில் வையுங்கள். இ-விசா, வருகையில் விசா, விசா இல்லா நுழைவு உள்ள நாடுகளைப் பின்பாதிக்குத் தள்ளுங்கள். விசா விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டே வாரக்கணக்கில் தூதரகத்தில் கிடக்கும் என்பதும் இந்த வரிசைக்கு ஒரு காரணம். அது கையில் இல்லாதபோது எல்லை தாண்ட முடியாது, இருக்கும் நாட்டின் நாட்களோ ஓடிக்கொண்டே இருக்கும்.

கூட்டு விசாக்கள் பாதைக்கு உதவும். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 90 நாள், 100 டாலரில் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா இருக்கிறது. விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும். மூன்றுக்கும் வெளியே, உதாரணமாகத் தான்சானியாவுக்கு, போய்விட்டால் அதே விசாவில் திரும்ப முடியாது.

கிளம்பும் முன்

பாஸ்போர்ட்டில் 6 மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும். ஒரு வருடப் பயணத்துக்கு அதைக் கூட்டிப் பாருங்கள்: கிளம்பும் அன்று குறைந்தது 18 மாதம், இரண்டு வருடம் இருந்தால் நிம்மதி. ஷெங்கனுக்கு வெளியேறும் தேதிக்குப் பின் 3 மாதம் செல்லுபடி வேண்டும், பாஸ்போர்ட் வழங்கி 10 வருடம் கடந்திருக்கவும் கூடாது. வெற்றுப் பக்கங்களும் முக்கியம். முழுப் பக்க ஸ்டிக்கர் விசாக்கள் நாலைந்து வந்தால் மெல்லிய புத்தகம் சீக்கிரம் நிறைந்துவிடும். கூடுதல் பக்கமுள்ள புத்தகம் கிடைக்குமானால் அதையே கேட்டு வாங்குங்கள்.

அடுத்த நாட்டுக்குப் போகும் டிக்கெட்டைக் கேட்பது எல்லை அதிகாரியைவிட விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்டரில் அதிகம் நடக்கும். அனுமதி இல்லாதவரை ஏற்றிவந்தால் நிறுவனத்துக்கு அபராதம், திருப்பிக் கூட்டிப்போகும் செலவும் அவர்களுடையது. அதனால் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்து வரிக்கு வரி கேட்பார்கள். ஒருவழி டிக்கெட்டில் போகிறவர்கள் பணம் திரும்பக் கிடைக்கும் விமான டிக்கெட் அல்லது குறைந்த விலைத் தரைவழி டிக்கெட் ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. தேதி, அனுமதிக்கப்பட்ட நாட்களுக்குள் இருக்க வேண்டும். போலியாகத் திருத்திய முன்பதிவுத் தாளைக் காட்டாதீர்கள். முன்பதிவு எண்ணைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பயணக் காப்பீட்டில் பலர் கவனிக்காதது, ஒரு பயணத்துக்கான நாள் வரம்பு. வருடம் முழுக்கச் செல்லும் பாலிசி என்று இருந்தாலும் ஒவ்வொரு பயணமும் இத்தனை நாளுக்குள் முடிய வேண்டும் என்ற விதி உள்ளே இருக்கும். அதைத் தாண்டினால் காப்பீடு இல்லை. நீண்ட தங்கலுக்கான பாலிசியையே வாங்குங்கள், வெளிநாட்டில் இருந்தபடி நீட்டிக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும்.

மருந்துகளைச் சீட்டோடு, வேதிப்பெயரோடு, அசல் உறையில் எடுத்துப்போங்கள். சாதாரணச் சளி மருந்தில் இருக்கும் சூடோஎஃபெட்ரின்கூட ஜப்பானில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தடை. வங்கி அட்டை நடுவழியில் காலாவதியாகுமா என்றும் ஓ.டி.பி. வரும் சிம் வெளிநாட்டில் உயிரோடு இருக்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

எல்லையில்

கேட்டதற்கு மட்டும், உண்மையாக, சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். எத்தனை நாள், எங்கே தங்கல், அடுத்து எங்கே, செலவுக்குப் பணம் எப்படி: நான்குக்கும் காகிதம் கையில் இருக்கட்டும். சார்ஜ் தீர்ந்த போனில் இருக்கும் ஆதாரம் ஆதாரமாகாது.

முத்திரை போட்டதும் கவுன்டரை விட்டு நகரும் முன் தேதியைப் படியுங்கள். 180 நாள் கிடைக்கும் என்று நம்பி மெக்சிகோவில் இறங்குபவர்களுக்கு 180 என்பது உச்சவரம்புதான். அதிகாரி குறைத்து எழுதலாம். நீங்கள் படித்த விதி என்னவாக இருந்தாலும் பாஸ்போர்ட்டில் எழுதியிருப்பதுதான் செல்லும். தவறாகப் போட்டிருந்தால் அங்கேயே பணிவாகக் கேட்டால் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். வெளியே வந்துவிட்டால் அதுவே அலுவலகம் அலுவலகமாக ஏறும் வேலை. அமெரிக்காவில் இறங்கிய ஓரிரு நாளில் ஐ-94ஐ இணையத்தில் எடுத்துப் பாருங்கள்.

நீட்டிப்பு

நீட்டிப்பு கேட்பதற்கு ஒரே பொது விதி: இருக்கும் அனுமதி முடியும் முன் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். மற்றதெல்லாம் நாட்டுக்கு நாடு வேறு.

தாய்லாந்தில் சுற்றுலாவாக வந்தவர்கள் உள்ளூர்க் குடிவரவு அலுவலகத்தில் டி.எம்.7 படிவம் கொடுத்து 30 நாள் நீட்டிக்கலாம், கட்டணம் 1,900 பாத். நீங்கள் தங்கியிருப்பதை வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்த டி.எம்.30 ரசீதையும் கேட்பார்கள். தனி வீடு எடுத்தவர்கள் பலர் இந்த ரசீது இல்லாமல் திரும்புவதால், வாடகை பேசும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். இந்தோனேசியாவின் வருகை விசா 30 நாள், ஒரு முறை மட்டும் இன்னொரு 30 நாள். நீட்டிப்புக்கு இப்போது அலுவலகத்துக்கு நேரில் போய்ப் படம் எடுக்க வேண்டும், ஆகவே கடைசி வாரத்துக்கு விடாமல் இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். பிலிப்பைன்ஸ் மிகத் தாராளம்: விசா இல்லாமல் வரும் நாட்டினர் தொடர்ந்து நீட்டித்து 36 மாதம் வரை இருக்கலாம். ஆனால் 6 மாதமோ அதற்கு மேலோ இருந்தவர் வெளியேறும் முன் தனியாக ஒரு தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அதை மறந்து விமான நிலையம் போனால் விமானம் போய்விடும்.

ஷெங்கனில் நீட்டிப்பை நம்பித் திட்டமே போடாதீர்கள். எதிர்பாராத பேரிடர், மருத்துவமனை, மனிதாபிமானக் காரணம், மிகத் தீவிரமான சொந்தக் காரணம் இவற்றுக்கு மட்டுமே. ஆஸ்திரேலிய விசாவில் 8503 என்ற நிபந்தனை எண் இருந்தால், அங்கிருந்தபடி வேறு விசா கேட்கவே பெரும்பாலும் வழியில்லை. கடிதத்தில் அந்த எண் இருக்கிறதா என்று முதலிலேயே தேடுங்கள்.

விசா ரன் பற்றி

எல்லை வரை போய் முத்திரை வாங்கிக்கொண்டு அன்றே திரும்புவதை விசா ரன் என்பார்கள். முதல் தடவை நடக்கும், இரண்டாவதும் நடக்கலாம். மூன்றாவதில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் பின்னோக்கிப் புரட்டத் தொடங்குவார். தாய்லாந்தில் விசா விலக்குடன் தரைவழியாக ஒரு நாட்காட்டி வருடத்தில் இரண்டு முறைதான் நுழையலாம். பிரிட்டனில் ஒவ்வொரு வருகைக்கும் 6 மாதம் கிடைத்தாலும், அடுத்தடுத்து வந்து அதையே வீடாக்கிக்கொள்வதாகத் தோன்றினால் திருப்பி அனுப்புவார்கள். எழுதப்பட்ட வரம்பு இல்லாத நாடுகளிலும், உள்ளே இருந்த அளவு காலமாவது வெளியே இருந்துவிட்டுத் திரும்புவது பாதுகாப்பான பழக்கம்.

நாள் கூடிவிட்டால்

தாய்லாந்தில் நாளுக்கு 500 பாத், உச்சம் 20,000 பாத். 90 நாளுக்கு மேல் கூடியபின் தானாக வெளியேறினால் ஒரு வருடத் தடை. ஒரு வருடத்துக்குள்ளான கூடுதலாக இருந்தாலும் பிடிபட்டு வெளியேற்றப்பட்டால் 5 வருடத் தடை. இந்தோனேசியாவில் நாளுக்கு 10 லட்சம் ரூபியா, 60 நாளைத் தாண்டினால் நாடுகடத்தல். தென்னாப்பிரிக்காவில் 30 நாளுக்குள் கூடினாலே 12 மாதத் தடை, 30ஐத் தாண்டினால் 5 வருடம். அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் 3 வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆனால் 10 வருடம் நுழைய முடியாது. ஒரு நாள் கூடினாலே கையிலிருக்கும் விசா செல்லாமல் போகும்.

இவை அந்தந்த நாட்டோடு முடிவதில்லை. பல நாட்டு விசா விண்ணப்பங்களில், எந்த நாட்டிலாவது அனுமதிக்கு மேல் தங்கியதுண்டா என்ற கேள்வி இருக்கும். பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம்.

உடல்நிலை காரணமாகக் கடைசி நாளைத் தாண்டப்போவது தெரிந்தால், தேதி முடியும் முன்பே மருத்துவமனைக் கடிதத்தோடு குடிவரவு அலுவலகத்தை அணுகுங்கள். உங்களால் முடியாவிட்டால் வேறு ஒருவர் போகட்டும். ஏற்கனவே கூடிவிட்டது என்றால் தள்ளிப்போடாமல் தானாக முன்வந்து அபராதம் கட்டி வெளியேறுவதே நல்லது. தானாக வந்தவருக்கும் பிடிபட்டவருக்கும் தண்டனை எவ்வளவு வேறுபடும் என்பதற்கு மேலே தாய்லாந்துக் கணக்கே போதும்.

வேலையும் வரியும்

சுற்றுலா விசாவில் உள்ளூரில் சம்பள வேலை கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பதிலாக விடுதியில் உதவி செய்வதையும் பல நாடுகள் வேலையாகவே பார்க்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. சொந்த நாட்டு நிறுவனத்துக்கு மடிக்கணினியில் வேலை செய்வதில் நாடுகள் ஒரே மாதிரி இல்லை. பயணத்தின் முதன்மை நோக்கம் அதுவாக இல்லாதவரை பிரிட்டன் அனுமதிக்கிறது. நியூசிலாந்து 2025 ஜனவரி 27 முதல் அனுமதித்திருக்கிறது. வேறு பல நாடுகளின் சட்டம் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே நாட்டில் 183 நாளை நெருங்கினால் வரியையும் பாருங்கள். பல நாடுகளில் அதுதான் வரிக் குடியிருப்பாளர் ஆகும் எல்லை. அமெரிக்கா மூன்று வருடத்தைச் சேர்த்து எண்ணும்: இந்த வருட நாட்கள் முழுவதும், போன வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய வருடத்தில் ஆறில் ஒரு பங்கு. வருடம் தவறாமல் 4 மாதம் போய்வருபவர்கள் 120 + 40 + 20 = 180 என்று விளிம்பில் நிற்கிறார்கள்.

ஒரே நாடு பிடித்துப்போய் அங்கேயே நீண்ட காலம் இருக்க ஆசைப்பட்டால், சுற்றுலா விசாக்களை ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டு அதற்கான விசாவை எடுப்பதே சரி. தாய்லாந்தின் டி.டி.வி. என்ற நீண்ட கால விசா 5 வருடம் செல்லும், நுழைவுக்கு 180 நாள், 5 லட்சம் பாத் சேமிப்புக் காட்ட வேண்டும். ஸ்பெயின், போர்ச்சுகல், குரோஷியா, எஸ்டோனியா ஆகியவை தொலைதூரப் பணியாளர்களுக்குத் தனி அனுமதி தருகின்றன.

நடுவழியில் பாஸ்போர்ட் தொலைந்தால்

முதலில் காவல் நிலையப் புகார், அடுத்து உங்கள் நாட்டுத் தூதரகம். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது படி, புதிய ஆவணத்தோடு அந்த நாட்டுக் குடிவரவு அலுவலகம் போய் நுழைவுப் பதிவை அதில் மாற்றிக்கொள்வது. அது இல்லாவிட்டால் நீங்கள் எப்போது, எப்படி உள்ளே வந்தீர்கள் என்பதற்கு வெளியேறும் கவுன்டரில் பதில் இருக்காது. தொலைந்த பாஸ்போர்ட்டில் இருந்த மற்ற நாட்டு விசாக்களைப் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணோடு இணைந்த மின்னணு அனுமதிகளும் புதிய எண்ணுக்குச் செல்லாது. தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வேண்டுமா, முழுப் பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். அவசரச் சான்றிதழ் சில நாளில் கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் ஊர் திரும்பும் ஒரு பயணத்துக்கு மட்டுமே செல்லும். பயணத்தைத் தொடர நினைப்பவர் முழுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு, அது வரும் வரை ஆகும் வாரங்களுக்கு அன்றே நீட்டிப்பும் கேட்க வேண்டும்.